நிறுவலை மறைத்த தாள்

பேராதனையில் கலஹா சந்தி என்று ஓர் இடம் இருக்கிறது. பெயர் மட்டுந்தான் கலஹா. ஊர் அங்கே இல்லை. அந்தச் சந்தியில் தொடங்கும் கலஹா வீதி பல்கலைக்கழக வளாகத்தின் நடுவாகவே ஓடி, ஹிந்தகலையைத் தாண்டி, மலையேறித் தேயிலைக்குள் நுழைந்த பிறகுதான் கலஹா வருகிறது. அந்தப் பாதையில் ஓடும் பஸ்களில் உயர்தர மாணவர்கள் கையில் மடித்த டியூட் இல்லாமல் இருப்பது அபூர்வம். டியூட் என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேலே வாய்பாடு, அதன் கீழே கணக்கு, அதற்கும் கீழே கடந்தகால வினா. பரீட்சைக்குத் தேவையானது எல்லாம் இருக்கும். அது ஏன் உண்மை என்ற சங்கதி மட்டும் இருக்காது.

உலகத்தின் சில பல்கலைக்கழகங்களில் மெய்யெண் பகுப்பாய்வு படிக்கப் போகும் முதலாம், இரண்டாம் வருட மாணவருக்கும் இப்படி ஒரு தாளைத்தான் முதல் நாளில் நீட்டுகிறார்கள். சில வரைவிலக்கணங்கள், அவற்றின் கீழே தேற்றங்கள். நிறுவல் ஒன்றுகூடக் கிடையாது. பாடநூலைப் பார்க்காதே, யாரிடமும் கேட்காதே, நீயே நிறுவிக்கொண்டு வந்து கரும்பலகையில் எழுது என்பதுதான் பாடத்திட்டம். தேடிக் கற்றல் என்று இதற்கு இப்போது பெரிய பெயர் சூட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு டியூட்டும் இந்தத் தாளும் ஒரே மாதிரி: இரண்டிலும் முடிவு உண்டு, காரணம் இல்லை. இந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல. தேற்றத்தைச் சொல்லி நிறுவலை மறைக்கும் வழக்கம் மிகப் பழையது. அது போன ஊர்களையும் மாறிய கைகளையும் பார்த்தால், பாதி தூரம் அது விபத்தாகவே பயணம் செய்திருக்கிறது.

முதல் நிறுத்தம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டுக் கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவன் வட்டத்தின் சுற்றளவை முடிவில்லாத தொடராகக் கூட்டிக் காட்டினார். ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழி, ஐந்தில் ஒன்றைக் கூட்டு, ஏழில் ஒன்றைக் கழி என்று போய்க்கொண்டே இருந்தால் பையின் கால் பங்கை நெருங்கலாம். ஐரோப்பா இதே தொடரை 17ஆம் நூற்றாண்டில் லைப்னிட்ஸ் பெயரால் அறிந்தது. மாதவனின் வழிவந்த நீலகண்டர் 1501 அளவில் எழுதிய தந்திரசங்கிரகம் முழுக்கச் சமஸ்கிருதச் செய்யுள். செய்யுளில் முடிவு அடங்கும், காரணம் அடங்காது. காரணம் ஆசிரியரின் வாயிலிருந்து மாணவனின் காதுக்குப் போக வேண்டிய சரக்கு. சுமார் 1530இல் ஜ்யேஷ்டதேவர் யுக்திபாஷா என்ற நூலை எழுதி, அந்தக் காரணங்களை மலையாள உரைநடையில், படிப்படியாக, வெட்டவெளிச்சமாக வைத்தார். பண்டிதரின் மொழியை விட்டு வீட்டு மொழியில் நிறுவலை எழுதிய துணிச்சலுக்கே அவருக்கு ஒரு சிலை வைக்கலாம். மலபாரில் கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் விஷ் 1830களில் இதைப் பற்றி இலண்டனின் ஆசியக் கழகத்துக்கு எழுதினார். அங்கே பெரிதாக எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காரணம் காதோடு போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி பாண்டிச்சேரியில் கிடைத்தது. ஜோன் வாரன் என்ற அளவையாளர் அங்கே ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கிய அட்டவணைகளை முணுமுணுத்துக்கொண்டே 1825ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, பேனா இல்லை. கிரகணம் தொடங்கும் நேரம் சில நிமிடங்களே பிசகியது. ஆனால் இந்த விதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. வாரன் இதைக் காலசங்கலிதம் என்ற நூலில் பதிந்து வைத்தார். 1952இல் ஒட்டோ நியூகெபவர் என்ற அறிவியல் வரலாற்று அறிஞர் அதைத் தூசி தட்டி எடுத்து, பாபிலோனிய வானியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அந்தப் பஞ்சாங்கக்காரரை இளக்காரமாகப் பேசுவது எளிது. பரீட்சை மண்டபத்தில் வகையீட்டு வாய்பாடுகளை முணுமுணுக்கும் நாம் அப்படிப் பேச அவ்வளவு தகுதி பெற்றவர்கள் அல்ல.

மாணவனை முன்னே நிறுத்தி அவன் வாயால் பாடத்தைச் சொல்லவைக்கும் பழக்கமும் தமிழ்நாட்டுத் திண்ணையிலிருந்து ஒருமுறை கப்பலேறியது. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற அண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது, நம் சட்டாம்பிள்ளை முறை, திண்ணைப் பள்ளியில் சாதாரணம். வாத்தியார் தட்டுப்பாட்டில் தவித்த பெல்லுக்கு இது வரப்பிரசாதம். ஊர் திரும்பி 1797இல் இதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு போட்டிக்கு வந்தார். இருவரின் ஆதரவாளர்களும் பல வருடம் சண்டை போட்டார்கள். திண்ணையில் அமர்ந்திருந்த சட்டாம்பிள்ளையைக் கேட்டிருந்தால் இருவரையும் மணலில் எழுதச் சொல்லியிருப்பான். ஒன்று மட்டும் குறை: சட்டாம்பிள்ளை தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தான், தெரியாததைத் தேடவில்லை.

தேட வேண்டிய அவசியம் பரிஸ் நகரில் வந்தது. நெப்போலியன் காலத்து எக்கோல் பொலிடெக்னிக் பொறியியலாளர்களையும் பீரங்கி அதிகாரிகளையும் உருவாக்கிய பள்ளி. அங்கே கற்பித்த ஒகஸ்தின் கோஷி 1821இல் தன் பகுப்பாய்வுப் பாடங்களை நூலாக்கினார். வடிவகணிதத்தில் இருக்கும் கண்டிப்பு நுண்கணிதத்துக்கும் வேண்டும் என்பது அவரது பிடிவாதம். பாலம் கட்டப் போகிறவர்களுக்கு இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று நிர்வாகம் முகம் சுளித்தது. இதில் ஒரு வேடிக்கை. அதே கண்டிப்பான நூலில், தொடர்ச்சியான சார்புகளின் தொடர் ஒருங்கினால் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதாகவே இருக்கும் என்று ஒரு தேற்றம், நிறுவலோடு. 1826இல் நோர்வே இளைஞன் அபெல் பணிவாக ஓர் அடிக்குறிப்பு எழுதி, சைன்களால் ஆன ஒரு தொடரைக் காட்டினான். ஒவ்வோர் உறுப்பும் வழுவழுப்பான அலை. கூட்டுத்தொகையோ பை என்ற புள்ளியில் சடாரென்று குதிக்கிறது. தேற்றத்துக்கு விதிவிலக்குகள் இருப்பதாகத் தெரிகிறது என்பது அவன் சொன்னதன் சாரம். தேற்றத்துக்கு ஏது விதிவிலக்கு! நிறுவலில் எந்த வரி ஓட்டை என்று ஸைடெல் 1847இல் கண்டுபிடிக்கும்வரை இருபது வருடம் போனது. இன்று சீரான ஒருங்கல் என்று ஒரு மணிநேர விரிவுரையில் முடிந்துபோகும் சங்கதி, உலகத்தின் சிறந்த மூளைகளுக்கு ஒரு தலைமுறை எடுத்தது. மாணவர் அதை ஒரு மணிநேரத்தில் பிடித்துக்கொள்ளவில்லை என்று விரிவுரையாளர்கள் அலுத்துக்கொள்வது எனக்கு எப்போதும் விளங்காத ஒன்று.

கோஷிக்கு நான்கு வருடம் முன்பே, 1817இல், பிராக் நகரப் பாதிரியார் போல்ஸானோ இதே கண்டிப்போடு ஒரு சிறுநூல் எழுதியிருந்தார். யாரும் படிக்கவில்லை, இரண்டு வருடத்தில் அவரது பேராசிரியர் பதவியையும் பறித்தார்கள்.

கண்டிப்பு கடைசியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கையில் போய் நின்றது. கார்ல் வயர்ஸ்ட்ராஸ் பிரஷியாவின் மூலை ஊர்களில் கணிதத்தோடு உடற்பயிற்சியும் அழகெழுத்தும் கற்பித்துக்கொண்டிருந்தவர். பெர்லினுக்கு வந்தது 1856இல், நாற்பது வயதைத் தாண்டியபிறகு. எப்சிலன், டெல்டா என்று இன்று மாணவரைக் கலங்கடிக்கும் பேரத்தை ஒழுங்குபடுத்தியவர் அவர். பேரம் என்றுதான் சொல்ல வேண்டும்: எவ்வளவு சிறிய இடைவெளி வேண்டும் என்று நீ கேள், அதற்குள் அடங்க எவ்வளவு நெருங்க வேண்டும் என்று நான் சொல்கிறேன், நீ கேட்பதைக் குறைக்கக் குறைக்க என்னால் ஈடுகொடுக்க முடிந்தால் எல்லை உண்டு. வயர்ஸ்ட்ராஸ் தன் விரிவுரைகளை நூலாக வெளியிடவே இல்லை. மாணவர்கள் எழுதிய குறிப்புகள் கையிலிருந்து கைக்குப் பிரதியாகி ஐரோப்பா முழுக்கப் போயின. எங்கும் தொடர்ச்சியாக இருந்தும் எங்கும் வகையிட முடியாத சார்பு ஒன்றை 1872இல் அவர் காட்டியபோது, படம் போட்டுப் பார்த்து நம்பும் காலம் முடிந்தது. அவர் பெர்லினில் விரிவுரை நடத்திக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், 1867இல், கலஹாவுக்கு அப்பால் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டி உருட்டிப் பார்த்துத்தான் அவர் பக்குவம் கண்டார். இரண்டு சங்கதிக்கும் தொடர்பு இல்லைதான். ஆனால் அந்தத் தேயிலைக்குள் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பிறகு எப்சிலனோடு மல்லுக்கட்டப் போகிறார்கள் என்பதால் தேதியைச் சொல்லி வைக்கிறேன்.

இனி டியூட்டின் கதை. கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு மாணவரைத் தயார் செய்யும் இலண்டன் தனியார் ஆசிரியர் ஜோர்ஜ் ஷூப்ரிஜ் கார். டியூசன் மாஸ்டர் என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். 1880களில் அவர் ஒரு தொகுப்பு நூல் வெளியிட்டார்: சுமார் 5000 கணித முடிவுகள், எண் போட்டு, வரிசையாக. நிறுவல் அநேகமாக இல்லை. சிலவற்றுக்கு ஒரு வரிக் குறிப்பு. பரீட்சைக்கு முதல்நாள் புரட்டுவதற்கு உகந்த புத்தகம். கார் இதற்கு மேல் எதையும் உத்தேசித்ததாகத் தெரியவில்லை. இந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்று கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. 1903இல் நண்பர்கள் மூலமாக அது ஒரு பதினைந்து, பதினாறு வயதுப் பையன் கைக்குப் போனது. இவை எல்லாம் ஏற்கெனவே நிறுவப்பட்டவை, மனப்பாடம் செய்தால் போதும் என்று அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொன்றையும் ஒரு புதிராக எடுத்துக்கொண்டான். சிலேட்டில் எழுதினான், முழங்கையால் அழித்தான், மறுபடி எழுதினான். கிடைத்த முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் பதிந்தான். காகிதம் விலை அதிகம்.

இராமானுஜனின் நோட்டுப் புத்தகங்கள் ஏன் நிறுவல் இல்லாமல் இருக்கின்றன என்பதற்கு எத்தனையோ பக்தி விளக்கங்கள் உண்டு. காரின் புத்தகத்தை மாதிரியாக வைத்துக்கொண்ட ஏழைப் பையன் அப்படித்தான் எழுதுவான் என்ற விளக்கமே எனக்குப் போதும். அடுத்து நடந்ததுதான் அதிசயம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் அடங்கிய அந்த நோட்டுகள் தாமே ஒரு மாபெரும் பயிற்சித் தாளாகிவிட்டன. இங்கிலாந்துக் கணித அறிஞர்கள் வாட்சனும் வில்சனும் 1920களின் இறுதியில் நிறுவத் தொடங்கினார்கள், முடிக்க முடியவில்லை. 1970களில் அமெரிக்காவின் புரூஸ் பெர்ண்ட் மீண்டும் தொடங்கி, 1985க்கும் 1998க்கும் இடையில் ஐந்து தொகுதிகளாக நிறுவல்களை வெளியிட்டார். கும்பகோணத்துப் பையன் கொடுத்த வீட்டுப்பாடத்தை உலகத்தின் பேராசிரியர்கள் எழுபது வருடம் செய்தார்கள்.

ஆனால் இராமானுஜனிடம் ஒரு குறை இருந்தது, அதை அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டி உடனே கண்டார்: நிறுவல் என்றால் என்ன என்பது பற்றி அவருக்குத் தெளிவில்லை. ஏனென்றால் அவர் எழுதியதைப் பார்த்து, இந்த வரி எப்படி வந்தது என்று எதிரே நின்று கேட்க யாரும் இருக்கவில்லை. நிறுவலை மறைத்த தாள் தனியாக ஒரு மேதையைத் தூண்டலாம். மற்றவர்களுக்கு அந்தத் தாளோடு ஒரு ஆளும் தேவை.

அந்த ஆள் டெக்சாஸில் கிடைத்தார். ரொபேர்ட் லீ மூர், 1882இல் டாலஸில் பிறந்தவர். இளவயதில் நுண்கணிதத்தைத் தானே படித்தபோது, தேற்றத்தை வாசித்துவிட்டு நிறுவலின்மேல் ஒரு காகிதத்தை வைத்து மறைத்துக்கொள்வார் என்று சொல்வார்கள். முட்டி மோதியும் வராவிட்டால் காகிதத்தை ஒரு வரி மட்டும் கீழே நகர்த்துவார், மறுபடி மூடிக்கொள்வார். பிற்காலத்தில் வகுப்பறை முழுவதையும் அந்தக் காகிதத்தால் மூடினார். 1911 முதல் பென்சில்வேனியாவிலும், 1920 முதல் 1969வரை டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலும் அவர் நடத்திய வகுப்புகளில் பாடநூல் இல்லை. புத்தகத்தைத் திறக்கக்கூடாது, ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. விஷயம் முன்பே தெரிந்தவர்களை வகுப்பில் சேர்க்கமாட்டார். கரும்பலகைக்கு முதலில் அழைப்பது வகுப்பில் பின்தங்கியவரை. அவர் முடியாது என்றால் அடுத்தவர். இன்னும் தானே யோசித்துக்கொண்டிருக்கும் மாணவர், மற்றவர் நிறுவலைக் கேட்க விரும்பாமல் எழுந்து வெளியே போய் நிற்பதும் உண்டு.

கரும்பலகையில் மாணவனை நிறுத்தும் அமெரிக்கப் பழக்கத்துக்கும் பரிஸ் நகரோடு ஓர் உறவு உண்டு. நெப்போலியன் படையில் இருந்த எக்கோல் பொலிடெக்னிக் பழைய மாணவர் குளோட் குரோஸே 1816இல் வெஸ்ட் பொயிண்ட் இராணுவக் கல்லூரிக்கு வந்து, கரும்பலகையில் கற்பித்த முன்னோடிகளில் ஒருவரானார். அங்கே கடெட்டுகள் தினமும் பலகை முன் நின்று ஒப்புவிக்க வேண்டும். மூர் செய்தது, ஒப்புவித்தலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்டுபிடித்தலை வைத்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

பகுப்பாய்வு வகுப்பில் இது எப்படி நடக்கும் என்று கிட்டத்தில் பார்ப்போம். தாளில் இருக்கும் வரி: ஓர் எண் வரிசைக்கு இரண்டு எல்லைகள் இருக்க முடியாது. பலகைக்கு வந்த மாணவி, இது தெரிந்ததுதானே என்கிறாள். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன், எங்கே தெரிந்தது என்று கேட்கிறான். அவள் யோசித்து, இரண்டு எல்லைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம், 3உம் 5உம் என்கிறாள். வரிசை 3ஐ நெருங்குகிறது, ஆகவே 5ஐ நெருங்காது என்று எழுதுகிறாள். அதைத்தானே நிறுவ வேண்டும் என்கிறது பின்வரிசை. அழிக்கிறாள். நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வெண்கட்டியால் ஒரு கோடு இழுத்து, 3இன் இரு பக்கமும் ஓர் அலகு, 5இன் இரு பக்கமும் ஓர் அலகு குறிக்கிறாள். 2க்கும் 4க்கும் நடுவே ஒரு துண்டு, 4க்கும் 6க்கும் நடுவே ஒரு துண்டு. ஒரு கட்டத்துக்குப் பிறகு எல்லா உறுப்புகளும் முதல் துண்டுக்குள் இருக்க வேண்டும். இன்னொரு கட்டத்துக்குப் பிறகு எல்லாம் இரண்டாம் துண்டுக்குள். இரண்டு கட்டத்தில் பிந்தியதைத் தாண்டிய ஓர் உறுப்பு எங்கே இருக்கும்? இரண்டிலும் இருக்க முடியாது. முடிந்தது. 3, 5 என்பதற்குப் பதில் வேறு இரண்டு எண் என்றால் என்று பின்வரிசை விடுவதாயில்லை. இடைவெளியில் பாதியை எடுத்துக்கொள் என்கிறாள். விரிவுரையில் இது இரண்டு நிமிடம். இங்கே முக்கால் மணிநேரம். அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்பதை அவள் இனி மறக்கமாட்டாள்.

மூரின் கீழ் 50 பேர் கலாநிதிப் பட்டம் பெற்றார்கள். வில்டர், வைபர்ன், பிங் என்று அமெரிக்கக் கணிதக் கழகத்துக்குத் தலைவர்களானவர்கள் அவர்களில் இருந்தார்கள். கணித அறிஞர் மேரி எலன் ரூடினும் அவர் மாணவியே. அதே மனிதர் கறுப்பின மாணவர்களைத் தன் வகுப்பில் ஏற்க மறுத்தார். 1966இல் டெக்சாஸில் கலாநிதிப் பட்டம் பெற்ற விவியன் மலோன் மேஸுக்கு மூரின் வகுப்புக் கதவு மூடியே இருந்தது. யாரிடமிருந்து எதிர்பார்க்காத நிறுவல் வரும் என்று காத்திருப்பதே தன் முறையின் உயிர் என்றிருந்தவர், சிலர் நிறத்தைப் பார்த்துக் காத்திருக்க மறுத்தார். அவர் பெயரில் இருந்த கட்டடத்தின் பெயரைப் பல்கலைக்கழகம் 2020இல் நீக்கியது.

முறை மட்டும் மனிதரை உதறிவிட்டு நடந்தது. மூரின் சொந்த வயல் இடவியல். அவருடைய தாளைப் பகுப்பாய்வுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அதே டெக்சாஸில் இருந்த வோல். 1963இல் அவர் வெளியிட்ட நூல் கேள்விகளும் தேற்றங்களுமாகவே நகர்கிறது. மாணவர்கள் ஆசிரியர்களாகி வேறு ஊர்களுக்குப் போனார்கள். ஒவ்வொருவரும் தாளைக் கொஞ்சம் மாற்றினார்கள். பேசக்கூடாது என்ற விதியை ஒருவர் தளர்த்தினார், குழுவாக யோசிக்கலாம் என்றார் இன்னொருவர், பாதி விரிவுரை பாதி பலகை என்றார் மூன்றாமவர். இவற்றுக்கெல்லாம் திருத்திய மூர் முறை என்று பெயர். திருத்தாத மூர் முறை இன்று தேடினாலும் கிடைப்பது அரிது. இங்கிலாந்தில் ரொபேர்ட் பேர்ன் 1992இல் பகுப்பாய்வு முழுவதையும் கேள்விகளின் சங்கிலியாக எழுதினார். சில வருடங்களில் வோரிக் பல்கலைக்கழகம் அதை வைத்துச் சிறு வகுப்புகள் நடத்திப் பார்த்தது. இதற்குள் கணித மெய்யியலாளர் இம்ரே லகாடோஸ் வேறொரு வாசலால் உள்ளே வந்திருந்தார். 1956இல் ஹங்கேரியிலிருந்து தப்பி வந்தவர். கோஷியின் அந்த ஓட்டைத் தேற்றத்தை எடுத்து, கணிதம் வளர்வதே இப்படித்தான், ஊகம், நிறுவல், எதிருதாரணம், திருத்தம் என்று காட்டினார். பலகை முன் நிற்கும் மாணவியின் தடுமாற்றத்துக்கு அவரால் ஒரு கௌரவம் கிடைத்தது.

2006இல் அமெரிக்காவில் இத்தகைய தாள்களை மதிப்பிட்டு இலவசமாக வெளியிடும் ஆய்விதழே தொடங்கியது. பலன் உண்டா என்ற கேள்விக்கு வந்த பதில்கள் ஒரே பக்கம் சாயவில்லை. சான்ட்ரா லோர்சனின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், வழமையான வகுப்புகளில் பெண்கள் தம் தன்னம்பிக்கை ஆண்களைவிடக் குறைவாகவே வளர்ந்ததாகச் சொன்னார்கள். தேடிக் கற்கும் வகுப்புகளில் அந்த வித்தியாசம் மறைந்தது. 2020இல் அருவ இயற்கணித வகுப்புகள் பற்றி வந்த இன்னோர் ஆய்வில் நிலைமை தலைகீழ்: இத்தகைய வகுப்புகளில் ஆண்களின் புள்ளிகள் பெண்களைவிட மேலே போயின. பலகைக்கு யார் முந்துகிறார்கள், யார் குறுக்கே பேசுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால், பேசத் துணிந்தவனுக்கே வகுப்பு சொந்தமாகிவிடும் போலிருக்கிறது.

தமிழர் பக்கம் இந்தத் தாள் டெக்சாஸிலிருந்து வரவில்லை. 1937இல் சார்ள்ஸ் ரசீன் என்ற பிரெஞ்சு யேசுசபைத் துறவி திருச்சி சென் ஜோசப் கல்லூரிக்கு வந்தார். பின் சென்னை லொயோலா. பரிஸ் நகரில் எலீ கார்ட்டானிடம் கலாநிதிப் பட்டம் பெற்றவர், அந்தக் காலப் பிரெஞ்சுக் கணிதத்தின் புது அலையை நேரில் அறிந்தவர். சென்னையில் பாடத்திட்டம் பழைய கேம்பிரிட்ஜ் பரீட்சையின் நிழலாக இருந்தபோது, அதற்கு வெளியே இருந்த நூல்களை மாணவர் கையில் கொடுத்து நீயே படித்துப் பார் என்றார். கணித அறிஞர்கள் சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் அவரிடம் படித்து வந்தவர்கள். 1993இல் எஸ். குமரேசன் தொடங்கிய கணிதப் பயிற்சி முகாம் இதை இன்னும் பரவலாக்கியது. கோடை விடுமுறையில் நான்கு வாரம், இந்தியாவின் எந்த மூலைக் கல்லூரி மாணவரும் வரலாம். மெய்யெண் பகுப்பாய்வில் ஆசிரியர் கேட்பார், மாணவர் சொல்வார். சொன்னது தவறானால் ஓர் உதாரணத்தைக் காட்டி மறுபடி கேட்பார். அஜித் குமாரோடு சேர்ந்து குமரேசன் 2014இல் வெளியிட்ட பகுப்பாய்வுப் பாடநூலும் இந்த வழியில் பழகிய கையின் எழுத்தாகவே இருக்கிறது.

இலங்கையில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கே மாணவரைத் தயார் செய்தது. பாடத்திட்டம் இலண்டன், வினாத்தாள் இலண்டன், திருத்துவதும் இலண்டன். காரின் தொழிலும் அதே இங்கிலாந்துப் பரீட்சைகளை நம்பித்தான் நடந்தது என்பதை நினைத்தால், டியூட் இவ்வளவு ஆழமாக இங்கே வேர்விட்டதில் ஆச்சரியமில்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம், 1952இல் பேராதனைக்கு இடமாற்றம், 1961இல் அங்கே விஞ்ஞான பீடம். கலஹா வீதியில் ஏறினால் கணிதப் பட்டம் பெறலாம் என்றானது அப்போதுதான். தோட்டப் பாடசாலையிலிருந்து அந்த வீதியின் கீழ்முனைக்கு வந்து சேரப் பலருக்கு இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது.

வந்து சேர்கிறவர்கள் இணைந்த கணிதத்தைத் தமிழில் படித்தவர்கள். எல்லை, சார்பு, தொகையீடு, நிறுவுக என்று பழகிய கை. பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆங்கிலத்தில் தொடங்குகிறது. விரிவுரையில் இது சமாளிக்கக்கூடிய சங்கடம். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதி, விடுதியில் கூடிப் பேசித் தமிழில் புரிந்துகொள்ளலாம். தேடிக் கற்கும் வகுப்பில் அந்த மறைவிடம் இல்லை. தவறான நிறுவலை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லி, குறுக்குக் கேள்விக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும், அதுவும் இரண்டாம் மொழியில். மூரின் டெக்சாஸ் மாணவருக்கு இந்தச் சுமை இருக்கவில்லை; கேரளத்து ஜ்யேஷ்டதேவர் இதைத் தன் மாணவரின் தோளிலிருந்து இறக்கி வைத்தவர். ஆகவே இந்தத் தாளைப் பேராதனைக்கு எடுத்துவரும் விரிவுரையாளர், நூறு பேர் வகுப்பை இருபது பேர் குழுக்களாக உடைப்பதற்கு முன்னால் இன்னொன்றைத் தீர்மானிக்க வேண்டியிருக்கும்: 3க்கும் 5க்கும் நடுவே கோடு இழுத்துவிட்டுத் திணறி நிற்கும் கலஹா மாணவி, அடுத்த வரியைத் தமிழில் சொல்லலாமா, பின்வரிசையில் இருக்கும் சிங்கள மாணவன் சிங்களத்தில் மறுக்கலாமா, பலகையில் ஏறும் கடைசிப் பிரதி மட்டும் ஆங்கிலமாக இருந்தால் போதுமா என்பதை.